சந்தைக் காக்கையும் ஆற்றங்கரைக் குக்குறுவானும்

விடியற்காலையில் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டின் வாயிலில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். ஊர் உறங்கினாலும் சந்தை உறங்குவதில்லை. லாரிகளிலிருந்து மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் இறங்கியவண்ணம் இருக்கும். கிழக்கு வெளுத்ததும் வேறொரு கூட்டம் வந்து சேரும். அதற்குக் கூலியும் இல்லை, தரகும் இல்லை. காக்கைகள், மாடப்புறாக்கள், மைனாக்கள், மீன் கடைகளின் மேலே வட்டமிடும் கரும்பருந்துகள்! மாணவ நண்பர்களே, இந்தக் கூட்டத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றி, 1927ஆம் ஆண்டில் விரிவாக்கப்பெற்றது இச்சந்தை. இங்கே பறவைகளுக்குக் குறைவு உண்டோ என்று கேட்டால், இல்லை என்றே கூறவேண்டும். ஆனால் நூறு காக்கைகளை எண்ணினாலும் அஃது ஓர் இனமே. தலைகளின் தொகை பெரிது. இனங்களின் தொகை சிறிது. உலகத்துப் பெருநகரங்கள் பலவற்றின் நடுப்பகுதியில் அறிஞர்கள் கண்டதும் இதுவே. ஏன் இவ்வாறு நேர்கின்றது?

சந்தையில் வாழ வல்லது எதையும் உண்ணும் பறவை. அன்றேல், மரமின்றியே குடியிருக்கத் தெரிந்த பறவை. மாடப்புறாவின் முன்னோர் மலைப்பாறைகளின் விளிம்புகளில் கூடு வைத்தவை. அதன் கண்ணுக்கு நம் மாடிக் கட்டடங்கள் எல்லாம் பாறைகளே. 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டைப் பாறைக்கும் கடைவீதி மாடிக்கும் அது பெரிய வேற்றுமை காண்பதில்லை. நாட்டு உழவாரன் என்ற சிறு பறவையும் அத்தகையதே. அதன் கால்கள் கிளையில் அமர்வதற்கு ஏற்றவை அல்ல. சுவரைப் பற்றித் தொங்குவதற்கு ஏற்றவை. இறகையும் புல்லையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூரையின் அடியில் கூடு கட்டிவிடும்.

எல்லாக் கட்டடமும் பறவைக்கு ஒன்று போன்றதன்று. ஓட்டு வீட்டின் இறவாரத்தில் சிட்டுக்குருவிக்கு இடம் இருந்தது. வழவழப்பான சிமெண்டுச் சுவரில் அது எங்கே நுழையும்? கைப்பேசிக் கோபுரங்களே குருவியை ஒழித்தன என்று பலர் கூறுகின்றனர். அதற்குத் தெளிவான சான்று கிடைத்ததில்லை. நான் மாணவர்களுக்கு வேறொன்றைச் சொல்வது வழக்கம். வளர்ந்த குருவி தானியம் தின்னும்; அதன் குஞ்சோ முதல் நாள்களில் புழு பூச்சிகளையே பெரிதும் நம்பி வளரும். மளிகைக் கடை வாயிலில் எத்தனை அரிசி சிந்தினாலும், அருகே புதரும் செடியும் இல்லையெனில் குஞ்சு பிழைப்பது அரிது.

இனிக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு அது. 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய 236 அடி இராச கோபுரம் ஒருபுறம். தென்னையும் மாவும் வாழையும் ஒருபுறம். இங்கே காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். செம்பைத் தட்டுவதுபோல் டொக், டொக் என்று ஓயாமல் ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். பட்டுப்போன கிளையைக் குடைந்து அது வீடு செய்துகொள்ளும். தையல் சிட்டு அகன்ற இலைகளைச் சேர்த்துத் தைக்கும். பனை உழவாரன் பனையோலையின் உட்புறத்தில் கூட்டை ஒட்டும். பட்ட கிளை, அகன்ற இலை, பனையோலை என ஒவ்வொன்றும் ஒருவருக்கு வீட்டுமனை! புல்லைச் சீராக வெட்டி, நடுவே நான்கு அலங்காரச் செடிகளை நட்ட பூங்கா நமக்குப் பசுமையாகத் தோன்றலாம். பறவைக்கு அது வெறும் விரிப்பே.

மேலூரில் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். புழுக்களுக்கு உணவாகும் செடிகளை அங்கே தேர்ந்து வளர்க்கின்றனர். "ஐயா, அந்தப் புழுவைக் குருவி தின்றுவிடாதா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். தின்னத்தான் செய்யும் என்றேன். அவனுக்கு அது பெரும் ஏமாற்றம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் சந்தையிலும் மற்றவர் ஆற்றங்கரையிலும் அரைமணி நேரம் நின்று, கண்ட இனங்களைக் குறித்து வாருங்கள். யானையை எதிர்த்த கோழியின் பெயரால் உறையூரைக் கோழியூர் என்று வழங்கிய மண் இது. பறவையைப் பார்ப்பதற்கு நாம் நாணவேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் முற்றத்தில் முதிய வேம்பு ஒன்று நின்றது. அதன் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இரண்டு குடியிருந்தன. மாலை மணி அடிக்கும்போது வாயிலில் வந்து அமர்ந்து, பிள்ளைகள் வீடு திரும்புவதை உருட்டி விழித்துப் பார்க்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வகுப்பறை கட்ட இடம் தேவைப்பட்டது. மரத்தை வெட்ட இசைவு தந்து கையெழுத்திட்டவன் நானே. வகுப்பறை தேவையாகவே இருந்தது. அதனை இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் கட்டடத்தைச் சிறிது தள்ளி அமைக்க இயலுமா என்று நான் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பத்தாகக் கன்றுகள் நட்டோம். கணக்கு நேராயிற்று என்று அன்று எண்ணினேன்.

அவை இன்று நல்ல நிழல் தருகின்றன, மைனாக்கள் வருகின்றன. பொந்து விழுவதற்கு மரம் முதுமையடைய வேண்டும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். இன்னும் ஒன்றிலும் பொந்து விழவில்லை.