கரகமும் கல்லெழுத்தும்



பெங்களூரில் தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் செல்வோர் அங்கே போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். எழுநூறு ஆண்டுகளாகக் கல் தன் செய்தியைக் காத்து நிற்கிறது. ஆயினும் படிக்க வல்லார் இல்லையேல் அது பேசாது.

கல்லையும் ஏட்டையும் சாராமல் அறிவைக் காக்கும் வழி வேறொன்றும் உண்டு. அதனைக் காண, இதே நகரின் பழைய பேட்டைப் பகுதியிலுள்ள தருமராய சுவாமி கோயிலுக்குச் செல்வோம். அங்கே ஆண்டுதோறும் கரகத் திருவிழாவை நடத்துபவர்கள் திகளர்கள். தமிழகத்திலிருந்து குடியேறித் தோட்டப் பயிரில் தேர்ந்த மக்கள் அவர்கள். இன்று அவர்கள் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்துவிட்டன. ஆனால் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், திரௌபதியின் சக்தியைத் தாங்கிப் பெண்கோலம் பூண்ட பூசாரி, மல்லிகை சூழ்ந்த கரகத்தைத் தலையில் ஏந்தி வருகிறார். கையால் அதனைப் பிடிப்பதில்லை. வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வர, தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்கிறது.

இந்த நடையை எந்த நூலில் கற்பது? விரதத்தாலும், கரடி மனை என்னும் பயிற்சிக் கூடத்துப் பழக்கத்தாலும், மூத்தோரைப் பின்பற்றியும் உடலே கற்றுக்கொள்கிறது.

கடலுக்கப்பாலும் இத்தகைய மரபு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் பலர் அடிமைகளாகப் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். உடைமை எதுவும் உடன் செல்லவில்லை. தாளமும் அடவும் சென்றன. ஒரிஷா என்னும் அவர்தம் தெய்வங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி முழக்கும் தனி ஆட்டமும் உண்டு. நீர்த்தெய்வமான யெமஞ்சாவின் ஆட்டத்தில் அலை எழுகிறது. சாங்கோவின் ஆட்டத்தில் இடி விழுகிறது. பாடற்சொற்கள் பலவற்றின் பொருள் மங்கிய பின்னும் அடவுகள் மங்கவில்லை.

எனினும் உடல் காக்கும் அறிவுக்கு ஓர் இடர் உண்டு. கல் படிப்பவருக்காகக் காத்திருக்கும், உடல் காத்திராது. ஒரு தலைமுறை பயிலாவிடின் அவ்வறிவு அற்றுப்போகும். அது வாழ இடமும் வேண்டும். கரகச் சடங்குக்குரிய சம்பங்கி ஏரியின் பரப்பில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. சிறு குளமொன்றே எஞ்சியுள்ளது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தறியாமல் வளர்கின்றனர். அவர்களுக்கு எழுத்தறிவிப்பது நம் கடன். கும்மியையும் கோலாட்டத்தையும் வாசற்கோலத்தையும் கைபிடித்துப் பழக்குவதும் நம் கடனே. முன்னதை நாளை தொடங்கினாலும் கல் பொறுத்திருக்கும். பின்னதை அறிந்த பாட்டியர் நம் வீட்டில் இருக்கும்போதே தொடங்குவோமாக.