கொடுத்த கணக்கும் விளைந்த கணக்கும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது வரவு செலவுப் பக்கத்தை நாம் மிகுந்த கவனத்துடன் கேட்கிறோம். சிறு தொகை விடுபட்டாலும் எழுந்து நின்று விளக்கம் கேட்கிறோம். நல்ல வழக்கம். ஆனால், பணிகளைப் பற்றிய பக்கத்தை அவ்வாறு கேட்பதில்லை. இத்தனை மாணவர்களுக்குக் கல்வி உதவி, இத்தனை குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம், இத்தனை பேருக்கு மருத்துவ உதவி என்று வாசிக்கப்பட்டதும் மனநிறைவு அடைந்துவிடுகிறோம். அந்த எண்கள் நாம் கொடுத்ததைச் சொல்கின்றன. அதனால் விளைந்ததைச் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு நம் வட்டாரத்தாருக்குப் புதிதன்று. நாமக்கல் கோழிப்பண்ணையாளர், இன்று எத்தனை முட்டை என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. எத்தனை கோழிக்கு எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை இறப்பு என்று நாள்தோறும் எழுதுகிறார். முட்டை குறைந்தால் உடனே தீவனத்தையும் தண்ணீரையும் சோதிக்கிறார். லாரி உரிமையாளர், ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒவ்வொரு நடைக்கும் பார்க்கிறார். தொழிலில் இத்தனை விழிப்புடன் இருக்கும் நாம், லாப நோக்கமற்ற பணிக்கு இத்தகைய கணக்கு எதற்கு என்று எண்ணிவிடுகிறோம்.

உண்மையில் அங்குதான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடையில் சரக்கு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், கடைக்காரருக்கும் புரிந்துவிடும். உதவி பெறுபவருக்கோ வேறு இடமில்லை. அவர் குறையும் சொல்லமாட்டார். ஆகவே நாமே தேடிச் சென்று கேட்க வேண்டியுள்ளது.

இதற்குத் தமிழகத்திலேயே சிறந்த முன்னுதாரணம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976 ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்கள்தோறும் முகாம்கள் நடந்தன, கூட்டமும் வந்தது. ஆனால், கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்டவர்களில் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. அறுவை இலவசம், பிறகு ஏன் வரவில்லை? விசாரித்தபோது பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, துணைக்கு ஆளில்லாமை, அச்சம் ஆகியவை தடையாக இருந்தது தெரிந்தது. போக்குவரத்தும் உணவும் இலவசமாயின. நோயாளிகள் கூட்டாக அழைத்து வரப்பட்டனர்.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. முகாமுக்கு வந்தவர்களை எண்ணுவதை விட்டு, வராதவர்களை எண்ணினார்கள். 1999 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராம மக்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்ததைக் காட்டியது. நிரம்பி வழிந்த முகாம்களின் மறுபக்கம் இதுதான். அந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. ஆண்டில் ஓரிரு நாள் வந்துபோகும் முகாம் போதாது, நாள்தோறும் திறந்திருக்கும் இடம் கிராமத்திற்கு அருகிலேயே வேண்டும் என்று உணர்ந்து, 2004 முதல் கண் பரிசோதனை மையங்களைத் தொடங்கினர். இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டவை. தொலைவிலுள்ள மருத்துவர், கணினி வழியே அங்குள்ள நோயாளியைப் பார்த்து ஆலோசனை கூறுகிறார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது எளிது. ஓர் எண்ணைக் கேட்டதும், ‘எத்தனை பேரில்?’ என்று வினவ வேண்டும். முப்பது மாணவர்களுக்கு உதவினோம் என்றால், நம் மஹல்லாவில் உதவி தேவைப்பட்டோர் எத்தனை பேர்? விண்ணப்பிக்கக்கூட அறியாதவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? அடுத்து, ‘அதன்பின் என்ன ஆயிற்று?’ என்று கேட்க வேண்டும். கொடுத்த தையல் இயந்திரங்களில் ஓராண்டு கழித்தும் ஓடுபவை எத்தனை? உதவி பெற்ற மாணவரில் படிப்பைப் பாதியில் விட்டவர் யார், எதனால்? முடிவாக, ‘இதனால் வரும் ஆண்டு எதை மாற்றப் போகிறோம்?’ என்பதே கேள்வி. எதையும் மாற்றாத எண், ஏட்டில் உறங்கும் எண்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கணக்கைக் கொண்டு பணியாளரைக் கடிந்துகொண்டால், அடுத்த ஆண்டு நல்ல எண்கள் மட்டுமே எழுதப்படும். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவதே நோக்கமானால், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே உதவி சென்று, தடுமாறும் பிள்ளை விடுபட்டுப் போகும். மேலும், உதவி பெற்றோரின் பெயர்கள் குழுவின் பதிவேட்டோடு நிற்க வேண்டும். அறிக்கையில் எண்கள் வந்தால் போதும். ஒருவரின் வறுமை அச்சில் ஏறக்கூடாது.

இதற்குக் கணினியோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு பதிவேடு, தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், ஆறு மாதத்திற்கு ஒருமுறை வீடு தேடிச் செல்லும் வழக்கம் இவை போதும். பெண்கள் உள்ள வீடுகளில் விசாரிக்க நம் சகோதரிகள் முன்வந்தால் உண்மை நிலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

மக்கள் நம்பிக் கொடுத்த பணம் அமானிதம். அது சரியாகச் செலவாயிற்று என்று காட்டுவது பாதிக் கடமை. உரியவருக்குப் பயன்பட்டதா என்று பார்ப்பதே மீதிப் பாதி. அடுத்த பொதுக்குழுவில் வாசிக்கப்படும் அறிக்கையில், இன்ஷா அல்லாஹ், கொடுத்த கணக்கோடு விளைந்த கணக்கும் ஒரு பக்கமேனும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.