பூச்சியைப் படிப்பதும் மனிதனைக் காப்பதே
(கல்வி ஊக்கத்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





கல்லூரியில் உயிரியல் எடுத்திருக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், "டாக்டருக்குத்தானே?" என்று கேட்கிறோம். "பூச்சியியல் படிக்க ஆசை" என்றால் நம் முகம் வாடிவிடுகிறது. மனித நலம் வேறு, பூச்சியின் வாழ்வு வேறு என்று நினைப்பதால் வருகிற வாட்டம் இது. இந்த நாட்டின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் குன்றுப் பகுதி ரப்பர் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா பெருகியது! காரணம் என்ன? கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு, நிழல் விழும் தேங்கிய நீரில் வளர்வது. குன்றுப் பகுதியில் இருந்ததோ அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குத் தொட்டில். மரம் விழுந்ததும் அதற்கு வெயில் கிடைத்துவிட்டது. இதை உணர்ந்த வாட்சன், ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் திருப்பினார். மற்ற இடங்களில் எண்ணெய் தெளித்தார். அந்தத் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியானோரில் கப்பலேறி வந்த நம் தமிழ்ப் பாட்டாளிகள் ஏராளம். எந்தக் கொசு, எங்கே முட்டையிடுகிறது என்ற அறிவுதான் எஞ்சியவர்களைக் காத்தது.

இன்றைய கவலை டிங்கி. ஏடிஸ் கொசுவின் உடலில் வொல்பேக்கியா என்னும் பாக்டீரியாவைக் குடியேற்றினால், டிங்கிக் கிருமி அதில் பெருகுவது தடைப்படும். அத்தகைய கொசுக்களைக் கோலாலம்பூர் வட்டாரத்தில் விட்டுப் பார்த்தார்கள். அந்த இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு வெளிவந்தது. பூச்சியைப் படித்தவர்களின் உழைப்பு இது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே ஒளு செய்யும் தொட்டி, பூச்சட்டித் தட்டு ஆகியவற்றில் நீரை மட்டும் கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்கள் கொண்ட திருமறையை ஓதுகிறவர்கள் நாம். பூச்சியைப் படிப்பது நமக்கு இழுக்காகுமா? பெற்றோர்களே, பிள்ளை நுண்ணோக்கியின் கீழ்க் கொசுவை வைத்துப் பார்த்தால் தடுக்காதீர்கள். மாணவர்களே, மருத்துவர் வந்த நோயைத் தீர்க்கிறார். நீங்கள் நோய் வரும் வழியை அடைக்கலாம். அதற்கு இந்தச் சங்கத்தின் உதவி உங்களுக்குத் துணை நிற்கட்டும்.