கட்டுமான வழக்குரைஞரின் கடமை

 

வழக்குரைஞர் என்றதும் குறுக்கு விசாரணையில் முழங்கும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். கட்டுமான, வணிக வழக்குகளை நடத்துவோர் பணியோ பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது. அளவுப் புத்தகம், பணியிட நாட்குறிப்பு, கடிதக் கோப்பு ஆகியவற்றைப் பொறியாளரின் துணையோடு வரிவரியாகப் படிப்பதே அவர்தம் தொடக்கப் பயிற்சி.

18 மாதங்களில் முடிய வேண்டிய பாலம் 30 மாதங்களில் முடிந்ததாகக் கொள்வோம். ஒப்பந்தக்காரரால் வந்த தாமதம் என்பார் உரிமையாளர். நிலத்தை உரிய காலத்தில் ஒப்படைக்கவில்லை என்பார் ஒப்பந்தக்காரர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கும். அந்த 12 மாதங்களில் நிலத்தால் வந்தவை எத்தனை, வரைபடம் வாராமையால் வந்தவை எத்தனை, ஆள் பற்றாக்குறையால் வந்தவை எத்தனை எனப் பகுத்துக் காட்டுவதே வழக்குரைஞரின் கலை. நினைவிலிருந்து கூறுவதைக் காட்டிலும் அன்றன்று எழுதிய குறிப்பே அங்கு வலிமையுடைய சான்று.

மௌனமும் சில வேளைகளில் உரிமையை இழக்கச் செய்யும். காலம் இன்றியமையாத ஓர் ஒப்பந்தத்தில், காலம் கடந்து முடிந்த வேலையை ஏற்றுக்கொள்பவர், இழப்பீடு கோருவேன் என்று ஏற்கும்பொழுதே அறிவித்தல் வேண்டும். இன்றேல் அத்தாமதத்திற்கு இழப்பீடு கேட்க இயலாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஒரு கடிதம் எழுதாமையால் பெருந்தொகை கைவிட்டுப் போகலாம். வணிகம் புரியும் குடும்பத்தினர் இதனை மனத்திற்கொள்க.

2015இல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. அதன்படி, அழைப்பாணை பெற்ற 120 நாள்களுக்குப் பின்னர் எதிருரை ஏற்கப்படுவதில்லை. 2018இல் சேர்க்கப்பட்ட 12அ பிரிவு, அவசர இடைக்கால நிவாரணம் வேண்டாத வழக்குகளில் முதலில் சமரச முயற்சி வேண்டும் என்கிறது. அது கட்டாயமே என உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது.

ஆகவே, வழக்கு தொடுக்குமுன் கட்சிக்காரரிடம் உண்மை உரைக்கும் துணிவு இத்தொழிலுக்கு உயிர்நாடி. “ஐயா, இந்த நான்கு மாதத் தாமதம் தங்களுடையது, அதனை ஒப்புக்கொண்டு எஞ்சியதைக் கேட்போம்” என்று சொல்லும் வழக்குரைஞரைக் கட்சிக்காரர் சிலர் விட்டு நீங்கலாம். ஆயினும் மிகைப்படுத்திய கோரிக்கை, நியாயமான பகுதியின் மீதும் ஐயம் விழச் செய்யும். வழக்கு நீளும் நாளெல்லாம் ஒப்பந்தக்காரரின் பணம் முடங்கும். அவரை நம்பிய கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுவோர் கூலியும் நிலுவையில் நிற்கும்.

இளைஞர்களே! இத்துறையில் பொருளும் புகழும் உண்டு. தன் பக்கத்துக் குறையையும் எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் ஒருங்கே காணும் கண்ணோடு இதனுள் நுழையுங்கள். உங்களால் வழக்குகள் விரைந்து முடியட்டும்.