பழைய லோரியும் புதிய முதலாளியும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நாம் செல்லும் தோட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. சேமநிதிப் பணம் கொஞ்சம், வீட்டிலிருக்கும் நகை கொஞ்சம், மீதிக்குக் கடன் என்று திரட்டிப் பழைய லோரி ஒன்றை வாங்கினால், பால் வெட்டும் தொழிலை விட்டுவிட்டுப் பிழைக்கலாமா என்பதே அவ்வினா. "வாங்காதீர்கள்" என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. "வாங்குங்கள்" என்று ஊக்கமூட்டிவிட்டுப் போகவும் வரவில்லை. லோரி வாங்குவது எளிது. அதற்குச் சுமை தேடுவதுதான் அரிது. ஆகையால் இவ்வுரையின் பெரும்பகுதி சுமை தேடுவதைப் பற்றியதாகவே அமையும்.

முதலில் வீட்டைப் பற்றி ஒரு சொல். தோட்ட வேலையை விட்டு விலகுபவர், வழக்கமாக லயன் வீட்டையும் விட்டுக் கொடுக்க வேண்டியவராகிறார். எனவே மாதத் தவணை ஒன்று என்று எண்ணிய இடத்தில் வீட்டு வாடகையும் வந்து நிற்கும். கணவர் விலகினாலும் மனைவி தோட்டப் பதிவில் தொடர்ந்து வேலை செய்யும் குடும்பங்களில் இந்த நெருக்கடி சற்றுக் குறைவு. லோரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னர் இதனைப் பெரிய கிராணியிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுவது நலம்.

அடுத்தது அனுமதி. பிறருடைய பொருளைக் கூலிக்கு ஏற்றுவதற்கு 'ஏ' வகைப் பொருள் ஏற்றும் உரிமமும், சொந்தப் பொருளை ஏற்றுவதற்கு 'சி' வகை உரிமமும் வழங்கப்படுகின்றன. தீபகற்பத்தில் இவற்றை வழங்குவது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமாகும். 2019 ஜனவரியில் முன்னைய ஆணையத்தின் பணிகளை ஏற்றுக் கொண்ட இந்நிறுவனத்தை மக்கள் 'அபாட்' என்று சுருக்கமாக அழைப்பர். லோரியை விற்பவர், "பெர்மிட்டும் வண்டியோடு வரும்" என்று சொல்வாராயின் அதனை நம்பிவிடலாகாது. உரிமம் ஆளுக்கு உரியது. வண்டி கை மாறினால் புதிய உரிமையாளர் தம் பெயரில் முறையாக விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர் பலர் குறுக்கு வழியில் இறங்குகின்றனர். உரிமம் உள்ள ஒருவரின் பெயரில் லோரியைப் பதிந்துவிட்டு, அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை கட்டி ஓட்டுவது அந்த வழி. தவணை கட்டுபவர் நீங்கள், பத்திரத்தில் பெயர் அவருடையது. அவர் மனம் மாறினாலோ, மறைந்துவிட்டாலோ, கடன்காரர்கள் அவரைத் தேடி வந்தாலோ லோரி உங்களுடையது என்று மெய்ப்பிக்க உங்களிடம் என்ன இருக்கும்? உரிமத்தை இவ்வாறு வாடகைக்கு விடுவது சட்டத்திற்குப் புறம்பானது என்பதோடு, இப்போது கடுமையாகக் கண்காணிக்கப்பட்டும் வருகிறது. தனித்து உரிமம் பெற இயலாதவர், உரிமமுள்ள நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராகச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் பழகுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. எந்த ஆலையில் எத்தனை மணிக்கு வரிசை நீளும், எந்தத் தவுக்கே கூலியை இழுத்தடிப்பார் என்பவற்றை அந்தக் காலத்தில் சம்பளத்தோடு கற்றுக் கொள்ளலாம். பொருள் வாகனம் ஓட்டுவதற்கான தனி உரிமம் ஓட்டுநருக்கு வேண்டும் என்பதையும், அதற்குக் குறைந்தது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் இளைஞர்கள் கருத்திற் கொள்க.

இனி லோரிக்கு வருவோம். பழைய வண்டியில் வர்ணத்தைப் பார்ப்பவர் ஏமாறுவார். அடியில் குனிந்து சேசிசில் விரிசல் உண்டா, ஒட்டு வைத்துப் பற்றவைத்த தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டிப்பால் ஏற்றிய லோரியானால் தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கட்டிப்பாலிலிருந்து வடியும் நீர் புளிப்புத் தன்மை உடையதாதலால் இரும்பை அரித்துவிடும். மேலே புதுப்பலகை போட்டு அதனை மறைத்திருப்பார்கள். இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா, பழைய சம்மன்கள் நிலுவையில் உள்ளனவா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். வாணிப லோரிகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. பிரேக்கோ ஸ்டீயரிங்கோ அதில் தேறாவிட்டால் வண்டி நிற்கும், தவணையோ நிற்காது. மேலும், 2025 அக்டோபர் முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. கருவி இல்லாத பழைய வண்டியை வாங்குபவர் அதைப் பொருத்தும் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேச வேண்டும்.

லோரியின் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சிறியது வெறும் வண்டியின் எடை. பெரியதாக இருக்கும் மற்றொன்று, பாரத்தோடு சேர்ந்து இருக்கத்தக்க எடை. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் கிடைப்பதே நீங்கள் ஏற்றத்தக்க சுமை. பெரியது 7,500 கிலோ, சிறியது 3,500 கிலோ என்றால் சுமை 4 டன். அதற்கு மேல் ஒரு குலையும் ஏற்றலாகாது. "எல்லோரும்தான் ஏற்றுகிறார்கள்" என்பார்கள். 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, காவல் துறையின் கலகத் தடுப்புப் பிரிவைச் சேர்ந்த 9 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்த அரசாங்கக் குழு, ஸ்டீயரிங் அமைப்பின் பழுதையும் மிகைப் பாரத்தையும் சுட்டிக் காட்டியது. பழைய வண்டி, மிகைப் பாரம் என்ற இரண்டும் சேரும் இடம் அதுதான்.

சரி, சுமையை எங்கே தேடுவது?

பெரிய தோட்டங்கள் தம் விளைச்சலை ஏற்றும் குத்தகையை வழக்கமாக நிலைத்த குத்தகைக்காரர்களிடமே ஒப்படைக்கின்றன. ஒற்றை லோரியோடு அலுவலகப் படியேறி அக்குத்தகையைக் கேட்பது வீண். ஆனால் அக்குத்தகைக்காரருக்கும் வண்டி பற்றாத காலம் உண்டு. செம்பனை விளைச்சல் ஆண்டின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில், உச்சத்திற்கு ஏறும். வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெடும். அந்த நாள்களில் வெளிக்காட்டில் குலை கிடக்க, வண்டியின்றித் தவிக்கும் குத்தகைக்காரரைத் தேடிப் போங்கள். கூலியைக் குறைத்துக் கேட்பவரைவிட, சொன்ன நேரத்திற்கு வந்து நிற்பவரையே அவர் மறுமுறையும் அழைப்பார்.

ரப்பருக்கு இதற்கு மாறான காலக் கணக்கு உண்டு என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மழைநாளில் வெட்டு இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையில் இலையுதிர்ந்து பால் குறையும். ஆகவே ரப்பரை மட்டும் நம்பி லோரி வைப்பவர் ஆண்டில் சில மாதம் சும்மா இருக்க நேரும். சிறுதோட்டக்காரர்களின் கட்டிப்பாலையும் குலையையும் வாங்கும் வணிகர்கள், உரக்கிடங்குகள், மணலும் செங்கல்லும் விற்கும் கடைகள், வீடு மாறுவோர், திருமணத்திற்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவோர் ஆகிய அனைவரிடமும் உங்கள் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு ஏற்றது உள்ளூர்ச் சுமையே. துறைமுகத்திற்கு இரவோடிரவாக ஓடும் வேலை கூலியில் பெரிதாகத் தோன்றும். நடுவழியில் வண்டி படுத்துவிட்டால் இழுத்து வரும் செலவு ஒரு மாத வருவாயை விழுங்கிவிடும்.

கட்டிப்பால் ஏற்றுபவர் அடியில் நீர் தேங்கும் தட்டு பொருத்தியிருத்தல் அவசியம். சாலையில் அந்நீரை ஒழுகவிட்டுச் செல்லும் லோரியைப் பின்தொடர்ந்தவர்கள் இதன் காரணத்தை நன்கறிவர்! வழியில் நீர் வடிவதால் எடையும் குறையும். ஏற்றிய இடத்து எடைக்கும் ஆலையின் எடைக்கும் உள்ள வேற்றுமையை ஓட்டுநர் தலையில் கட்டுவது உண்டாதலால், கூலி எந்த எடைக்கு என்பதை முன்னரே பேசி எழுத்தில் வாங்குங்கள். எடைச் சீட்டின் படி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். குலையானாலும் ரப்பரானாலும் சரக்குக்கு உரியவரின் அனுமதி எண்ணும் சரக்குச் சீட்டும் இல்லாமல் ஏற்ற வேண்டாம். திருட்டுச் சரக்கு பிடிபடும்போது முதலில் பறிமுதலாவது லோரிதான்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் வெறும் எடுத்துக்காட்டே. உங்கள் வட்டாரத்து எண்களை நீங்களே இட்டுக் கொள்ளுங்கள். ஆலை 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. டன்னுக்குக் கூலி 35 வெள்ளி. ஒரு நடைக்கு 4 டன். நடைக்கு 140 வெள்ளி, மாதம் 40 நடைக்கு 5,600 வெள்ளி. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. செலவைப் பாருங்கள். தவணை 1,200, காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் பரிசோதனைக்கும் ஒதுக்குவது 400, டயருக்கும் பழுதுக்கும் 900, உதவியாளுக்கு 20 நாள் கூலி 1,400. ஆக 3,900 வெள்ளி. போக வர 60 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் என்று கொள்வோம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. தகுதி பெற்ற பொருள் வாகனங்களுக்கு மட்டும் அட்டையின் வழி பழைய விலையே அளிக்கப்பட்டது. அவ்விலைகளைக் கொண்டு பார்த்தால் அட்டை உள்ளவருக்கு மாத டீசல் 1,032 வெள்ளி, இல்லாதவருக்கு 1,608 வெள்ளி. கையில் மிஞ்சுவது முன்னவருக்கு 668 வெள்ளி. பின்னவருக்கு 92 வெள்ளி! 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி.

வேறுபாட்டை உண்டாக்குவது திரும்பும் சுமை. ஆலையிலிருந்து வெறும் வண்டியாக வரும் 40 நடையில் 20 நடைக்கு உரமோ சிமெண்டோ ஏற்றி 60 வெள்ளி பெற்றால் 1,200 வெள்ளி கூடும். அட்டை உள்ளவரின் மிச்சம் 1,868 வெள்ளியாகிறது. ஆகவே ஆலைக்குப் பக்கத்தில் உள்ள உரக்கிடங்கு எது என்பதை லோரி வாங்குவதற்கு முன்பே அறிந்து வைத்திருப்பவரே இத்தொழிலில் நிலைக்கிறார். அட்டைக்குரிய தகுதியை உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளையில் விசாரிக்கலாம்.

கூலி உடனே கைக்கு வராது. மாதம் கழித்தும் வரலாம். டீசலுக்கோ அன்றன்று பணம் வேண்டும். இரண்டு மாத டீசல் பணத்தை ஒதுக்கி வைக்க இயலாதவர் இன்னும் சில காலம் பொறுத்திருப்பதே நன்று.

தோட்டத்தில் உள்ளவரை முதலாளி உங்களுக்காகச் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் சந்தா கட்டினார். சொந்தத் தொழில் செய்பவருக்காகச் சொக்சோவின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், சேமநிதி வாரியத்தில் தாமே விரும்பிச் சந்தா கட்டும் திட்டமும் உள்ளன. லோரிக்குக் காப்புறுதி எடுப்பவர் ஓட்டுபவருக்கும் எடுக்க மறந்துவிடுகிறார் என்பதால் இதைச் சொல்கிறோம்.

கணக்குத் தாளின் படிகளைக் கொண்டு வந்துள்ளோம். வாசலருகே உள்ள மேசையில் எடுத்துக் கொள்ளலாம். லோரிக்கு விலை பேசி வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், விற்பவர் தந்த பத்திரங்களோடு முன்னால் வாருங்கள். தேநீர் வருவதற்குள் சேர்ந்து பார்த்துவிடலாம்.