உழைப்பவர் உடலும் சர்க்கரை நோயும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கர் 1948 முதல் நீரிழிவு நோயால் அல்லலுற்றார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு வயது 65. ஆயினும், அதைப் ‘பணக்காரர் நோய்’ என்றே நம் குடியிருப்புகளில் இன்றும் பேசுகின்றனர். சென்னை டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வோ, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது.

தந்தை வயலில் மண்வெட்டி பிடித்தார். மகன் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ‘ஷிப்டு’ முறையில் இயந்திரத்தின் முன் நிற்கிறான். உணவு வேளை மாறுகிறது. இரவு உறக்கம் கெடுகிறது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. சற்றே தொந்தி விழுந்தால், “பிள்ளை தேறிவிட்டான்” என்று தாய் மகிழ்கிறாள். பசியை அறிந்த தாயின் மகிழ்ச்சி அது. அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால், உள்ளே நடப்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்த உதவுகிறது. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு மிகும்போது, உடல் அதன் ஆணைக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. ஆகவே, பல ஆண்டுகள் நோய் வெளியே தெரிவதில்லை. கணையம் தளரும் நாளில்தான் சர்க்கரை ஏறுகிறது. இந்தியர்களுக்கு மெலிந்த கைகால்களுடனும் வயிற்றில் கொழுப்பு சேர்வதுண்டு. எனவே, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது எச்சரிக்கையாகும்.

இதைத் தடுக்க இயலுமா? இயலும். சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. நோயின் வாயிலில் நின்ற, பணியிலிருந்த 537 ஆடவர் அதில் பங்குகொண்டனர். அனைவருக்கும் தொடக்கத்தில் அறிவுரை வழங்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் கைப்பேசியில் தொடர்ந்து சென்றன. இரண்டாண்டுகளில், செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேர் நோயுற்றனர். பெற்றோரில் 18 பேரே.

இளைஞர்களே! சோற்றைக் குறைத்துப் பயறும் காய்கறியும் கூட்டுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடங்கள். உழைக்கும் தசை, இன்சுலின் துணை குறைந்தபோதும் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். முப்பது வயதைக் கடந்தோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். வேலை போய்விடுமோ என அஞ்சி நோயை மறைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை நான் அறிவேன். அவன் தனியே அஞ்சுகிறான். நாம் அவனுடன் நின்றால் அச்சம் குறையும்.

தக்க வேளையில் தொடர்ந்து சொல்லப்படும் சொல் நோயைத் தடுக்கிறது என்பதே அந்த ஆய்வு காட்டிய உண்மை. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவதும் அறியாமைக்கு எதிராக அத்தகைய சொல்லைச் சொல்வதேயாகும். எழுத்தறிவித்த இக்கரங்கள் இனி உடலறிவும் ஊட்டட்டும்.