ஒரு பொருளுக்கு ஒரே பக்கம் போதும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப்போவது நம் கூட்டமைப்பின் இணையதளம் பற்றி. "கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கெதுக்கு" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். இது கேழ்வரகு மாவு விற்கிற சமாச்சாரம். ஐந்து குழுக்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம்.

நம் தளத்தில் கேழ்வரகு மாவுக்கு மட்டும் ஐந்து பக்கங்கள் இருக்கின்றன. மாவு அரைக்கிற குழுவுக்கு ஒன்று வீதம். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே செய்திதான். முளைகட்டிய மாவு, அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். குழு சேரச் சேர பக்கமும் சேர்ந்தது. வளர்கிற தளங்கள் பலவற்றிலும் இப்படித்தான் நடக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? வெளியூரில் ஒரு அம்மா செல்போனில் கூகுளைத் திறந்து "கேழ்வரகு மாவு" என்று தேடுகிறார். கூகுளுக்கு நம்முடைய ஐந்து பக்கமும் ஒன்று போலவே தெரிகிறது. அதில் ஏதோ ஒன்றை அதுவாகப் பொறுக்கிக் காட்டும். இந்த வாரம் ஒரு குழுவின் பக்கம், அடுத்த வாரம் இன்னொன்று. 2019 ஜூன் மாதத்தில் கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதன்படி, முன்வரிசை முடிவுகளில் ஒரே தளத்தின் பக்கங்கள் பொதுவாக இரண்டுக்கு மேல் வராது. ஆக, நம் ஐந்து பேரும் ஒன்றாக முன்னால் நிற்கவே வழியில்லை.

வார்டு தேர்தலை நினைத்துப் பாருங்க. ஒரே குழுவிலிருந்து ஐந்து பேர் மெம்பருக்கு நின்றால் யார் ஜெயிப்பார்? நம்ம ஓட்டு ஐந்தாகப் பிரியும், வெளியாள் ஜெயித்துவிடுவார். வேறு தளங்கள் நம் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால், அதைக் கூகுள் ஓட்டு மாதிரி கணக்கில் வைக்கிறது. ஒருவர் ஒரு குழுவின் பக்கத்துக்கும் இன்னொருவர் வேறு குழுவின் பக்கத்துக்கும் இணைப்பு கொடுத்தால், நம் பலம் சிதறிப்போகிறது. கூகுள் நம்மைத் தண்டிக்கவில்லை. நமக்கு நாமே போட்டியாக நிற்கிறோம், அவ்வளவுதான்.

இது உண்மைதானா என்று நீங்களே சோதிக்கலாம். கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் தள முகவரியைப் போடுங்க. பிறகு ஒரு இடம் விட்டு "கேழ்வரகு மாவு" என்று எழுதுங்க. நம் தளத்தில் அந்தச் சொல் வருகிற பக்கங்கள் வரிசையாக வரும். இன்னும் விவரம் வேண்டுமானால் கூகுளின் 'சர்ச் கன்சோல்' இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம்முடைய எந்தப் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் தெரியும். அலுவலகத்துக்கு வந்தால் திறந்து காட்டுகிறோம்.

அதற்காக, கேழ்வரகு என்று வருகிற எல்லாப் பக்கத்தையும் ஒன்றாகக் கொட்டிவிடக் கூடாது. தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கணும். "ராகி மாவு", "கேப்பை மாவு", "கேழ்வரகு மாவு" மூன்றும் வேறு வேறு சொல், ஆனால் தேவை ஒன்றுதான். அதற்கு ஒரே பக்கம் போதும், மூன்று பெயரையும் அதிலேயே எழுதிவிடலாம். "கேப்பைப் புட்டு செய்வது எப்படி" என்று தேடுகிறவர் செய்முறை கேட்கிறார். அந்தப் பக்கம் தனியாகவே இருக்கட்டும். கடைக்காரர் மூட்டைக் கணக்கில் மொத்த விலை கேட்கிறார். அதுவும் தனி. இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் மாவுப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்துவிட்டால், அவை ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து பக்கத்தில் இப்போது அதிகம் பேர் வருகிற பக்கத்தின் முகவரியைப் பொதுப் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். மற்ற நான்கில் உள்ள நல்ல படங்களையும் விவரங்களையும் அதில் சேர்க்கணும். பிறகு அந்த நான்கு முகவரிகளுக்கும் '301 ரீடைரக்ட்' என்கிற நிரந்தரத் திருப்பம் போடணும். வீடு மாறினால் போஸ்ட்மேனிடம் புது விலாசம் சொல்லி வைப்போமே, அது மாதிரி. பாக்கெட் ஸ்டிக்கரில் அச்சடித்த பழைய முகவரியும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய இணைப்பும் வீணாகாது. இந்தத் திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நாம் எடுக்காமலே வைத்துக்கொள்வோம்.

"எங்க பக்கத்தை எடுக்காம வேற வழியில்லையா" என்று கேட்கலாம். இருக்கிறது. 2009 முதல் 'கேனானிக்கல்' என்று ஒரு குறிப்பு வழக்கத்தில் உள்ளது. ஒன்று போல உள்ள பக்கங்களில் எது முதன்மை என்று கூகுளுக்குச் சொல்கிற குறிப்பு அது. ஆனால் அதைக் கூகுள் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. தவிர, விலை மாறும்போதெல்லாம் ஐந்து பக்கத்திலும் மாற்றணும். ஒன்றில் பழைய விலை இருந்துவிட்டால் வாங்க வருகிறவர் நம்மை நம்புவாரா?

உங்கள் மனதில் உள்ள பெரிய கேள்வி எங்களுக்குத் தெரியும். "எங்க குழுப் பேரு காணாமப் போயிடுமா?" போகாது. குழுவின் அறிமுகப் பக்கம் அப்படியே இருக்கும். குழுவின் பெயர், ஊர், உறுப்பினர், தொடங்கிய வருஷம் எல்லாம் அங்கே இருக்கும், அதன் தலைப்பும் குழுவின் பெயர்தான். குழுவைத் தேடுகிறவர் அங்கே வருவார், மாவு தேடுகிறவர் பொதுப் பக்கத்துக்கு வருவார். பொதுப் பக்கத்திலும் ஐந்து குழுவின் பெயரும் இருக்கும். பாக்கெட்டில் அரைத்துக் கட்டிய குழுவின் பெயரும், அதன் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க எண்ணும் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இப்போது எந்தக் குழுவின் பக்கம் அதிகமாக மேலே வருகிறதோ, அந்தக் குழுவுக்குப் பொதுப் பக்கம் வந்ததும் ஆர்டர் குறையலாம். தனக்கு மட்டும் வந்துகொண்டிருந்த போன் ஐந்து பேருக்குப் பிரியும். அவர்கள் விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இருபது கிலோ கேட்டால் ஒரு குழு தனியாகக் கொடுத்துவிடலாம். இருநூறு கிலோ கேட்டால் பக்கத்துக் குழுவைத்தான் தேடிப் போகணும். ஆர்டரை முறை வைத்துப் பிரிப்பது, யார் முறை என்று நோட்டில் எழுதுவது, அந்த நோட்டை எல்லாக் கூட்டத்திலும் வாசிப்பது என்று இருந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. முதல் முறை யாருக்கு என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

பக்கத்தைச் சேர்த்த மறுநாளே முதலிடம் வந்துவிடாது. கூகுள் திரும்ப வந்து படித்துப் புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகலாம். மாவின் தரம், படம், பக்கத்தில் எழுதியிருக்கிற விவரம் இதெல்லாம் சரியாக இருந்தால்தான் வந்தவர் வாங்குவார். முதலிடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்படி உறுதி கொடுத்துப் பணம் கேட்டு யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் கூட்டமைப்பில் கேளுங்க.

ஐந்து குழுப் பிரதிநிதிகளும் இதை உங்கள் வாரக் கூட்டத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள். பொதுப் பக்கத்துக்குச் சம்மதமா, ஆர்டரை எந்த முறையில் பிரிப்பது என்ற இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒரு குழு வேண்டாம் என்றாலும் அந்தக் காரணத்தையும் கேட்டுத்தான் முடிவெடுப்போம். அதுவரைக்கும் எந்தப் பக்கத்தையும் தொட மாட்டோம்.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். ஒரே தேருக்கு ஐந்து பக்கம் வடம் கட்டி ஆளுக்கொரு திசையில் இழுத்தால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.